ஆரியுஸ், நிசேயா, ஓர் எழுத்து: கேள்வி பதில்

ஐயா, ஆரியுஸ் அப்படி என்ன தப்பறை சொல்லிவிட்டார்?

அலெக்சாந்திரியாவில் ஒரு கோவிலின் குரு அவர். தந்தை ஒருவரே தொடக்கம் இல்லாதவர். மகனாகிய இயேசு எல்லாப் படைப்புக்கும் மேலானவர், ஆனாலும் அவரும் ஒரு படைப்பே. அவர் இல்லாத நிலை ஒன்று இருந்தது என்று போதித்தார். விளையாட்டாகச் சொல்லவில்லை. கடவுள் ஒருவரே என்பதைக் காப்பாற்றத்தான் நினைத்தார். "தந்தை என்னைவிடப் பெரியவர்" என்ற யோவான் நற்செய்தி வசனம் அவர் பக்கத்துக்குப் பெரிய பலம். அவரை வில்லனாக்கிப் பாடம் நடத்துவது எனக்குப் பிடிப்பதில்லை.

ஓர் எழுத்துக்காகவா அத்தனை சண்டை?

'ஹோமோஊசியோஸ்' என்றால் ஒரே பொருளானவர். நடுவில் ஓர் 'இ' சேர்த்து 'ஹோமோஇஊசியோஸ்' என்றால் ஒத்த பொருளானவர். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் முதல் சொல்லை எடுத்துக்கொண்டது. இரண்டாவது சொல்லைப் பிடித்த அணி சில பத்தாண்டுகள் கழித்து வந்தது.

ஆரியுஸை எதிர்த்தவர், பின்னாளில் அலெக்சாந்திரியா ஆயரான அத்தனாசியுஸ். அவருடைய கவலை எழுத்தைப் பற்றியது அல்ல, மீட்பைப் பற்றியது. கடனில் மூழ்கியவனை இன்னொரு கடனாளி மீட்க முடியுமா? மகனும் படைப்பு என்றால் நம்மைக் கடவுளோடு சேர்ப்பது யார்? எனக்கு இந்தக் கேள்வி இன்றும் கனமாகவே இருக்கிறது. ஞாயிறு திருப்பலியில் "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்" என்று வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோமே, அது இந்தச் சண்டையில் பிறந்த வரி.

சாதாரண சனங்களும் இதில் இறங்கினார்கள். கான்ஸ்டாண்டிநோபிளில் ரொட்டி என்ன விலை என்று கேட்டால் 'தந்தை பெரியவர், மகன் சிறியவர்' என்று பதில் வருகிறது என நீசா ஊர் ஆயர் கிரகோரியார் அலுத்துக்கொண்டார்.

பேரரசர் கான்ஸ்டன்டைன் திணித்த கொள்கைதானே இது?

சங்கத்தைக் கூட்டியது அவர்தான். கையெழுத்துப் போட மறுத்த இரண்டு ஆயர்களை நாடு கடத்தியதும் அவர்தான். ஆனால் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஆரியுஸை அவரே திரும்ப அழைத்தார், அத்தனாசியுஸைத் துரத்தினார். 337-இல் சாகும் தறுவாயில் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்த நிக்கொமேதியா ஆயர் எவுசேபியுஸ், ஆரியுஸின் நண்பர். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியுசும் நிசேயாவுக்கு எதிரணியைத்தான் தாங்கினார். அத்தனாசியுஸ் மொத்தம் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அரசர் சொல்லே முடிவு என்றால் நிசேயா எப்போதோ தோற்றிருக்கும். 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தில்தான் அது நிலைபெற்றது. அப்போது பேரரசர் தியோடோசியுசின் கையும் அதற்குத் துணையாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

எந்த நற்செய்திகள் பைபிளில் வேண்டும் என்று நிசேயாவில் ஓட்டெடுத்தார்களாமே?

இல்லை. சங்கம் இயற்றிய 20 சட்டங்களில் அப்படி ஒன்றும் கிடையாது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றைய கணக்கில் அத்தனாசியுஸ் பட்டியலிட்டது 367-இல்.

யெகோவாவின் சாட்சிகள் ஆரியுஸின் வாரிசுகளா?

கருத்து நெருங்கி வருகிறது. மகனை அவர்களும் படைப்பு என்கிறார்கள். வாரிசு உறவு கிடையாது. அவர்கள் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றியவர்கள்.

அப்போ ஆரியுஸ் சபையார் என்ன ஆனார்கள்?

கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தார் நடுவே நெடுங்காலம் வாழ்ந்தார்கள். இத்தாலியின் ரவென்னாவில் கோத்திய அரசர் தியோடோரிக் காலத்தில் ஆரியுஸ் சபையார் கட்டிய திருமுழுக்குக் கூடம் இன்றும் நிற்கிறது. மேற்கூரை மொசைக்கைப் பாருங்கள்: தாடி இல்லாத இளம் இயேசு யோர்தானில் இடுப்பளவு நீரில் நிற்கிறார், தலைக்கு மேல் புறா, பக்கத்தில் திருமுழுக்கு யோவான், சுற்றிலும் பன்னிரு திருத்தூதர். அதே ஊரில் கத்தோலிக்கரின் கூடம் அதற்கும் முந்தியது. அதன் கூரையிலும் இதே காட்சிதான்.