பழைய ஃப்ரிட்ஜை ஆன்லைனில் விற்கிறேன். பணம் அனுப்ப க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்கிறார் வாங்குபவர். செய்யலாமா?

செய்யாதீர்கள். யுபிஐ-யில் பணம் வாங்க நீங்கள் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பணம் வாங்கும்போது பின் கேட்டாலே, அது உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். நம்பிக்கை வரவழைக்க முதலில் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் அனுப்புவார்கள். அதில் மயங்கிவிடாதீர்கள்.

ஆளையும் கவனியுங்கள். பொருளைப் பார்க்காமலே சொன்ன விலைக்கு ஒத்துக்கொள்கிறாரா? நம்மூரில் பேரம் பேசாத ஆள் ஏது! 'ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, ஆள் அனுப்புகிறேன்' என்பது அடிக்கடி வரும் கதை. கூடவே அடையாள அட்டைப் படமும் வரும். 'தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்பது இன்னொரு வகை. எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் கணக்கில் இருப்பைப் பாருங்கள்.

'கடைசி விலை என்ன?' என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் வேறு ரகம். எத்தனை லிட்டர், எந்த வருடம் வாங்கியது, என்ன கோளாறு, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்பதையெல்லாம் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். நேரில் பார்த்த பிறகுதான் விலை பேச்சு. அட்வான்ஸ் தராதவருக்காகப் பொருளை ஒதுக்கி வைக்காதீர்கள்.

ஏற்கனவே பணம் போயிருந்தால், சரி, உட்கார்ந்து யோசிக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணை அழையுங்கள். தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம்.