ஐபிஎல் மேட்ச் ஓடும்போது பிள்ளைகள் சிப்ஸும் கூல்டிரிங்ஸும் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். விளம்பரங்களை எப்படிச் சமாளிப்பது?

7 வயதிலும் 12 வயதிலும் பிள்ளைகள், 7:30 மணிக்கு மேட்ச் தொடங்கினால் எட்டு மணிக்குள் "அம்மா, சிப்ஸ்" என்று குரல் வந்துவிடுகிறது, டிவியை நிறுத்தவும் மனமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். டிவியை நிறுத்த வேண்டாம். ஒரு மேட்ச் விளம்பரத்துக்காக எப்படித் துண்டுபோடப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அதே நேரக்கணக்கை வைத்துச் சமையலறையைத் தயார் செய்துவிடலாம்.

பிள்ளைகளைக் குறிவைக்கும் ஜங்க் ஃபுட் விளம்பரத்தை அரசு ஏற்கெனவே தடுத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகளில் அப்படி ஒரு பிரிவு இருப்பது உண்மைதான். சிப்ஸ், காஸ் நிரப்பிய பானம் போன்றவற்றின் விளம்பரம், குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளிலும் குழந்தைகளுக்கென்றே உள்ள சேனல்களிலும் வரக்கூடாது என்கிறது அது. கார்ட்டூன் சேனலுக்குப் பூட்டு போட்டாகிவிட்டது. வீடே கூடி உட்கார்ந்து பார்க்கும் கிரிக்கெட்டுக்கு அந்தப் பூட்டு கிடையாது. பிரிட்டனிலும் இதே ஓட்டை இருந்தது. 2007-ல் அங்கே வந்த கட்டுப்பாடு, ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்பவர்களில் பிள்ளைகளின் விகிதம் எவ்வளவு என்று மட்டும் கணக்கிட்டது. கால்பந்தைப் பெரியவர்கள் அதிகம் பார்ப்பதால் விகிதம் குறைந்துபோனது. பார்க்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை மிகப் பெரிதாக இருந்தும் அந்த நேரத்தில் விளம்பரம் தாராளமாக வந்தது. பிறகுதான் நேரக் கணக்குக்கு மாறினார்கள். 2026 ஜனவரி 5 முதல் அங்கே உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த பண்டங்களின் டிவி விளம்பரம் இரவு 9 மணிக்கு முன் வரக்கூடாது. சிலி நாடு 2018-லேயே காலை 6 முதல் இரவு 10 வரை தடுத்துவிட்டது. நம் ஊரில் முதல் இன்னிங்ஸின் பெரும்பகுதி 9 மணிக்குள் முடிந்துவிடுகிறது. அப்படி ஒரு விதி இங்கே வந்தால் வீடுகளுக்குப் பெரிய நிம்மதி.

அதுவரை காவல் வீட்டில்தான்.

நேரக்கணக்கைப் பாருங்கள். ஒரு இன்னிங்ஸில் 20 ஓவர் என்றால் ஓவர்களுக்கு நடுவே 19 இடைவெளி. இரண்டு இன்னிங்ஸுக்கு 38. விக்கெட் விழும்போதெல்லாம் இன்னொரு இடைவெளி. இன்னிங்ஸுக்கு இரண்டு ஸ்டிராடஜிக் டைம்-அவுட், ஒவ்வொன்றும் இரண்டரை நிமிஷம்: 6 முதல் 9 ஓவருக்குள் ஒன்று, 13 முதல் 16 ஓவருக்குள் ஒன்று. நடுவில் சுமார் 20 நிமிஷ இன்னிங்ஸ் இடைவேளை. விளம்பரத்தை 10 வினாடிக் கணக்கில் விற்பதால் ஓவர் முடிந்து பவுலர் மாறும் நேரத்துக்குள்ளேயே மூன்று வந்துபோகும். பந்து வீசும்போதே படம் சுருங்கி ஓரத்தில் எல் வடிவத்தில் வருவது, பவுண்டரிக் கயிற்றின் மேல் இருக்கும் பெயர், சட்டையில் இருக்கும் பெயர் எல்லாம் தனி. 2013 முதல் 2015 வரை போட்டியின் பெயரே பெப்சி ஐபிஎல். விளம்பரத்தைப் பார்க்கவிடாமல் கண்ணை மூட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த விளம்பரங்கள் ஒரு குறிப்பிட்ட பாக்கெட்டை வாங்க வைப்பதோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட சோதனையில், 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூனைப் போட்டுக் காட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம் கொறிக்க வைத்தார்கள். நடுவில் உணவு விளம்பரம் பார்த்த பிள்ளைகள், வேறு விளம்பரம் பார்த்தவர்களைவிட 45 சதவீதம் அதிகம் தின்றார்கள். கிண்ணத்தில் இருந்தது விளம்பரத்தில் வந்த பண்டமே அல்ல. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உள்ளே போகும். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான்: எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் சாப்பாட்டு நேரத்தை மாற்றுங்கள். பல வீடுகளில் மேட்ச் நாளில் இரவுச் சாப்பாடு இன்னிங்ஸ் இடைவேளைக்கு, அதாவது 9:15-க்கு மேல் தள்ளிப்போகிறது. பள்ளி விட்டு வந்து நாலரை மணிக்கு ஏதோ தின்ற பிள்ளை எட்டு மணிக்கு நிஜமாகவே பசியோடு இருக்கும். அதன்மேல் விளம்பரமும் சேர்ந்தால் அடம்தான். 7 மணிக்குத் தட்டு வைத்து டாஸ் போட்ட கையோடு சாப்பாட்டை முடித்துவிடுங்கள். இட்லி தோசை என்றால் சாம்பாரில் பருப்பு கெட்டியாக இருக்கட்டும், அல்லது ஒரு முட்டை சேருங்கள். வெறும் சட்னியோடு இரண்டு தோசை என்றால் ஒன்பது மணிக்கே பசி திரும்பிவிடும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் மற்றதை எல்லாம் செய்தால் பலன் பாதிகூட இருக்காது.

அடுத்தது கொறிக்க. சிப்ஸுக்குப் பதில் சுண்டல் என்று எல்லோரும் சொல்வார்கள். பிள்ளைகள் அதைத் தள்ளிவிடுவார்கள். விளம்பரத்தில் காதுக்கு விற்கப்படுவது 'மொறுக்' என்ற சத்தம். அந்தச் சத்தத்துக்கு மெத்தென்ற சுண்டல் ஈடாகாது. முதல் டைம்-அவுட்டுக்கு மொறுமொறுப்பான ஒன்று வேண்டும்.

வீட்டில் பொரிக்கும் பாப்கார்ன் நல்ல தேர்வு. நான்கு பேருக்கு 50 கிராம் உலர்ந்த மக்காச்சோளமும் 2 டீஸ்பூன் எண்ணெயும் போதும். அடி கனமான பாத்திரத்தில் எண்ணெயோடு மூன்று மணிகளை மட்டும் போட்டு மிதமான தீயில் வையுங்கள். மூன்றும் வெடித்த பிறகு மீதியைக் கொட்டி மூடுங்கள். மூடியை ஒரு நூல் விலக்கி வைத்து, பாத்திரத்தை அவ்வப்போது குலுக்குங்கள். வெடிச்சத்தம் இரண்டு மூன்று வினாடிக்கு ஒன்றாகக் குறைந்ததும் இறக்கிவிடுங்கள். மூடியை இறுக்கி மூடினால் ஆவி உள்ளேயே நின்று பொரி நமத்துப்போகும். பாதிக்கு மேல் வெடிக்கவில்லை என்றால் தப்பு உங்கள் மேல் இல்லை, சோளம் பழசு. மணிக்குள் இருக்கும் ஈரம் காய்ந்துவிட்டால் வெடிக்க ஆவி இருக்காது. அடுத்த முறை காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். உப்பை மிக்ஸியில் மாவுபோல அரைத்துத் தூவினால் கல்லுப்பில் பாதி அளவே போதும், எல்லாப் பொரியிலும் ஒட்டும். கடையில் விற்கும் இன்ஸ்டன்ட் பாப்கார்ன் பாக்கெட்டில் கொழுப்பும் உப்பும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மசாலாப் பொரியும் அப்படித்தான். அரிசிப்பொரி 60 கிராமை வெறும் வாணலியில் சிறு தீயில் நாலைந்து நிமிஷம் புரட்டினால் மொறுமொறுப்பு வந்துவிடும். வறுத்த வேர்க்கடலை 50 கிராம், பொடியாக நறுக்கிய வெங்காயம், மாங்காய், விதை நீக்கிய தக்காளி, கொத்தமல்லி, கொஞ்சம் மிளகாய்த்தூள், அரை எலுமிச்சை. இதில் எல்லோரும் செய்யும் பிழை, முன்கூட்டியே கலந்து வைப்பது. ஐந்து நிமிஷத்தில் பொரி ஈரத்தை உறிஞ்சி ரப்பர்போல ஆகிவிடும். நறுக்கியதை ஒரு கிண்ணத்திலும் பொரியை மூடிய டப்பாவிலும் தனித்தனியாக வைத்து, டைம்-அவுட் தொடங்கியதும் பிள்ளையையே கலக்கச் சொல்லுங்கள். இரண்டரை நிமிஷம் அதற்குச் சரியாக இருக்கும். விளம்பரம் பாட்டுக்கு ஓடட்டும், பிள்ளை சமையலறையில் இருக்கும்.

சுண்டலை இன்னிங்ஸ் இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 150 கிராம் கொண்டைக்கடலையைக் காலை 9 மணிக்கு ஊறப்போட்டால் மாலை 5 மணிக்கு வேகவைக்கலாம். ஐந்து விசில், பிறகு சிறு தீயில் பத்து நிமிஷம். ஊறப்போட மறந்துவிட்டால் முழுப் பாசிப்பயறுக்கு மாறிவிடுங்கள், ஒரு மணி நேர ஊறல் போதும். அரை டீஸ்பூன் உப்பு நான்கு பேருக்குத் தாராளம். மாங்காய் சேர்த்தால் அந்த உப்பே எடுப்பாகத் தெரியும்.

எதைக் கொடுத்தாலும் ஆளுக்கொரு கிண்ணம். பாத்திரத்தையோ பாக்கெட்டையோ ஹாலில் வைக்காதீர்கள். கண் ஸ்கோரில் இருக்கும்போது எவ்வளவு தின்றோம் என்பது வயிற்றுக்கும் தெரியாது, நினைவிலும் நிற்காது; கடைசி ஐந்து ஓவரில் கை தானாக ஓடும். இரண்டாவது கிண்ணம் வேண்டுமென்றால் எழுந்துபோய் எடுத்துவரட்டும். இன்னொன்று: வீட்டில் செய்தது என்பதால் மட்டும் பஜ்ஜியும் மிக்சரும் சிப்ஸுக்கு மாற்று ஆகிவிடாது. எண்ணெய் எண்ணெய்தான்.

குடிப்பதில் கணக்கு இன்னும் கடுமை. சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சர்க்கரை 10 முதல் 11 கிராம். 250 மில்லியில் 26 கிராம், அதாவது 5 டீஸ்பூனுக்கு மேல். ஒரு நாளின் கலோரியில் சேர்த்த சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்குச் சுமார் 1,700 கலோரி தேவைப்படும் 7 வயதுப் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் 21 கிராம்தான். ஒரு சின்ன பாட்டிலிலேயே அது தாண்டிவிடுகிறது. இதை வாயால் சொன்னால் ஏறாது. காலி பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, லேபிளில் உள்ள எண்ணைப் பிள்ளையையே பெருக்கச் சொல்லி, அத்தனை சர்க்கரையை ஒரு கண்ணாடி டம்ளரில் அளந்து போடச் சொல்லுங்கள். 600 மில்லி பாட்டிலுக்கு 63 கிராம் வரும். டம்ளரின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளையாக நிற்கும். 12 வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மாம்பழ பானம் பழம்தானே என்று ஏமாறாதீர்கள். பல பாக்கெட்டுகளில் பழக்கூழ் 20 சதவீதத்துக்கும் கீழே, மீதி தண்ணீரும் சர்க்கரையும். எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்கு அறவே கூடாது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம், குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். நுரையும் சுருக்கென்ற உணர்வும்தான் வேண்டும் என்றால், 200 மில்லி குளிர்ந்த வெறும் சோடாவில் அரை எலுமிச்சை, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு. 21 கிராம் போகவேண்டிய இடத்தில் 5 கிராமோடு முடிந்தது. நீர்மோர் குடிக்கும் பிள்ளை என்றால் இந்த வேலைகூட இல்லை.

சிப்ஸ் பாக்கெட்டில் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற எண்ணை விட்டுவிட்டு 100 கிராமுக்கு உள்ள எண்ணைப் பாருங்கள். கொழுப்பு 34 கிராம் என்று இருந்தால் 50 கிராம் பாக்கெட்டில் 17 கிராம், கிட்டத்தட்ட நாலு டீஸ்பூன் எண்ணெய். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 70 கிராம் இன்ஸ்டன்ட் நூடுல்ஸில் 700 மில்லிகிராம் சோடியம் என்றால் உப்பு 1.75 கிராம், பெரியவர்களுக்கான ஒரு நாள் வரம்பான 5 கிராமில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நாக்கில் சிப்ஸ்தான் அதிக உப்பாகத் தெரியும், ஏனென்றால் அங்கே உப்பு மேலாகத் தூவியிருக்கிறது.

விளம்பர நேரத்தில் ஒலியை நிறுத்துவதை ஒரு பிள்ளையின் பொறுப்பாகவே கொடுத்துவிடலாம். ரிமோட்டை யார் வைத்திருப்பது என்பதற்காகவே ஒழுங்காகச் செய்வார்கள். செட்-டாப் பெட்டியில் பதிவு வசதி இருந்தால் 40 நிமிஷம் தாமதமாகத் தொடங்கி இடைவெளிகளைத் தாண்டிப் போகலாம். இதைக் கெடுப்பது பக்கத்து வீட்டுக் கூச்சலும் வாட்ஸாப் குழுவும்தான். மேட்ச் முடியும்வரை உணவு டெலிவரி செயலியின் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். சிக்ஸர் போன சில நிமிஷத்துக்கு மட்டும் தள்ளுபடி என்று வருவது யோசிக்க நேரம் தராமல் வாங்க வைக்கத்தான், அதில் விழுவது பெரும்பாலும் பெரியவர்கள்.

7 வயதுப் பிள்ளையிடம் விவாதம் வேண்டாம். எட்டு வயதுக்கு முன் பிள்ளைகளுக்கு விளம்பரம் என்பது தன்னை வாங்க வைக்கும் முயற்சி என்று முழுதாகப் புரிவதில்லை. பிடித்த வீரர் சொல்கிறார், அவ்வளவுதான். அந்த வயதில் கிண்ணம்தான் பேச வேண்டும். 12 வயதுப் பிள்ளையிடம் கேள்வி கேட்கலாம்: இதில் எதை விற்கிறார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள், இந்த வீரர் மேட்சுக்கு முன் இதைக் குடித்துவிட்டா இறங்குவார்?

முழுத்தடை போட்டால் நண்பன் வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ மறைத்துத் தின்பார்கள். வாரத்தில் ஒரு மேட்சைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். அன்று ஒரு பத்து ரூபாய் பாக்கெட், கிண்ணத்தில் கொட்டி, வேர்க்கடலையோடு.

விளம்பரத்தில் பொய்யான ஆரோக்கியப் பெருமை தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். சேனல், தேதி, நேரம், பொருளின் பெயர், சொன்ன வாசகம், முடிந்தால் போனில் எடுத்த வீடியோ ஆகியவை வேண்டும். "ஜங்க் ஃபுட் விளம்பரம் வருகிறது" என்று மட்டும் எழுதினால் நிற்காது, வாசகத்தைப் பிடித்தால்தான் நிற்கும். 2024 ஏப்ரலில் மால்ட் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பட்டியலிலிருந்து எடுக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு சொன்னது. அதே ஆண்டு ஜூனில், அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துச் செய்யும் பானங்களின் லேபிளிலும் விளம்பரத்திலும் இருந்த '100 சதவீதப் பழச்சாறு' என்ற வாசகத்தை எடுக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. இரண்டிலும் சிக்கியது பொருள் அல்ல, அதன் மேல் எழுதிய சொல்.