காஃப்காவின் ‘உருமாற்றம்’: மாறியது யார்? (தேர்வுக்கு முன் மாணவர், ஆசிரியை கேள்வி பதில்)

கேள்வி: காஃப்கா ஜெர்மனில் எழுதிய இந்தக் கதையில், விற்பனைப் பிரதிநிதி கிரேகோர் சாம்சா பூச்சியாவது முதல் வரியிலேயே முடிந்துவிடுகிறது. மீதிக் கதையில் உருமாற்றத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. உடல் அடியோடு மாறியபின்னும் அவன் கவலை நான்கு மணி அலாரத்தைப் பற்றியும், தவறவிட்ட ஐந்து மணி ரயிலைப் பற்றியும்தான். விற்பனைப் பிரதிநிதி மனசு அப்படியே இருக்கிறது. வேகமாக மாறுவது வீட்டிலுள்ளவர்கள். ஐந்து வருடமாக வேலைக்குப் போகாத அப்பா, பொன் பொத்தான் வைத்த நீலச் சீருடையில் நிமிர்ந்து நிற்கிறார். இதுநாள் வரை அவரையும் சேர்த்துச் சுமந்தவன் மீது ஆப்பிள்களை எறிகிறார்.

கேள்வி: அப்படியானால் கிரேகோரின் மனம் மாறவே இல்லை என்று எழுதலாமா மேடம்?

பதில்: வேண்டாம், மதிப்பெண் போய்விடும். முன்பு பிடித்த பால் இப்போது குமட்டுகிறது. இரண்டு நாள் முன்பு வாயில் வைக்க முடியாது என்று அவனே ஒதுக்கிய பாலாடைக்கட்டி இனிக்கிறது. உட்கூரையில் ஊர்வதில் ஒரு சுகம் கண்டுவிடுகிறான். ஆனாலும் அறையின் மேசை நாற்காலிகளை அகற்றும்போது சுவரில் மாட்டிய படத்தையாவது எடுத்துப் போகவிடாமல் அதன் மேல் போய் ஒட்டிக்கொள்கிறான். இந்த இழுபறியை எழுதுங்கள்.

கேள்வி: தங்கை கிரேட்டாவைப் பற்றித் தனியாக எழுதலாமா?

பதில்: எழுதியே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் கதையின் பெரிய உருமாற்றம் அவளுடையதுதான். அண்ணனுக்கு எது பிடிக்கும் என்று தெரியாமல், பழைய செய்தித்தாளில் பலவகை உணவைப் பரப்பிவைத்துவிட்டு, அவன் கூசாமல் சாப்பிடட்டும் என்று வெளியேறுகிறவள் அவள். அதே பெண்தான் மூன்றாம் பகுதியில், இந்தப் பிராணியின் முன் அண்ணன் பெயரைச் சொல்ல மாட்டேன், இதைத் தொலைத்தாக வேண்டும் என்கிறாள். ஜெர்மன் மூலத்திலும் அந்த இடத்தில் அஃறிணைச் சொல்தான் வருகிறது. ‘அவன்’ ‘அது’ ஆவதன் கனம் தமிழ் வாசகருக்கு விளக்காமலே புரியும். கடைசிக் காட்சியில், டிராமில் எழுந்து நின்று சோம்பல் முறிக்கும் அவள் இளம் உடலைப் பெற்றோர் கவனிக்கிறார்கள். அதை முதல் பக்கத்தில் படுக்கையில் கிடக்கும் கிரேகோரின் உடலோடு சேர்த்து வாசியுங்கள்.

கேள்வி: அது கரப்பானா, வண்டா?

பதில்: காஃப்கா சொல்லவில்லை. 1912இல் எழுதிய கதை 1915இல் வெளிவந்தபோது, அட்டையில் பூச்சியை வரையவே கூடாது என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். நீங்களும் வரையாதீர்கள்.

கேள்வி: ‘பூச்சி அந்நியமாதலின் குறியீடு’, அதாவது மனிதன் தன் சூழலிலிருந்து விலகிப்போவதன் அடையாளம் என்று எழுதினால் போதுமா?

பதில்: எல்லா விடைத்தாளிலும் இருக்கும் வரி அது. அதைவிட, கிரேகோர் இறந்ததும் கதைசொல்லி ‘அப்பா’, ‘அம்மா’ என்பதை விட்டுவிட்டு ‘திரு. சாம்சா’, ‘திருமதி சாம்சா’ என்று சொல்லத் தொடங்குவதைக் காட்டுங்கள். மகன் போனதும் அந்த உறவுப் பெயர்களும் போய்விடுகின்றன.

கேள்வி: நாளை தேர்வு. முழுதாக மறுபடி படிக்க நேரமில்லை.

பதில்: அவன் அறையைவிட்டு வெளியே வரும் மூன்று இடங்களை மட்டும் படியுங்கள். முதல் முறை அப்பா கைத்தடியால் விரட்டுகிறார். இரண்டாம் முறை ஆப்பிள். மூன்றாம் முறை யாரும் விரட்டவில்லை, தானே திரும்பிப் போகிறான். அவன் உள்ளே போனதும் ஓடிவந்து கதவைப் பூட்டுவது கிரேட்டா.