கணினி கேள்வி-பதில்: கச்சான் வெங்காற்றுக் காலத்தில் ஓவர்குளொக் (வழமையான வேகத்துக்கு மேல் ஓட்டுதல்) செய்யலாமா?

கல்லடி வாசகர்: பெட்டியில் 3200 என்று போட்டிருந்த 8 ஜிபி ரேம் இரண்டு வாங்கிப் பொருத்தினேன். டாஸ்க் மனேஜரில் 2400 என்றுதான் காட்டுது. கடைக்காரர் ஏமாத்திப் போட்டாரா? ரைசன் 5 3600, பி450 மதர்போட்.

கடைக்காரர்மேல் பிழை இல்லை. ரேம் குச்சிக்குள் இருக்கும் சின்னச் சிப்பில் எந்தப் போட்டிலும் ஓடக்கூடிய பொது வேகம் ஒன்று எழுதியிருக்கும். 2133, 2400, 2666 என்று குச்சிக்குக் குச்சி மாறும். பெட்டியில் அச்சடித்த 3200 அதே சிப்பில் எக்ஸ்எம்பி என்ற தனிப் பட்டியலாகக் கிடக்கும். நீங்கள் சொல்லாமல் போட் அதைத் தொடாது.

கணினியை ஒன் செய்தவுடன் டிலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்து (சில போட்டுகளில் எஃப்2) பயோசுக்குள், அதாவது விண்டோசுக்கு முன்னே வரும் போட்டின் அமைப்புத் திரைக்குள், போங்கள். எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று ஒரு வரி இருக்கும். புரொபைல் 1ஐத் தெரிந்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். ரேம் வோல்ட் 1.2இலிருந்து 1.35க்குத் தானாகவே ஏறும். அது தயாரித்தவர்களே குறித்த அளவு, பயப்பட வேண்டாம். திரை கறுத்து, இரண்டு மூன்று தரம் தானாக நின்று எழும்பலாம். போட் ரேமைப் பழக்குகிற நேரம் அது, வயரைக் கழற்றிவிடாதீர்கள்.

குச்சிகள் எந்தத் துளையில் இருக்கின்றன என்றும் பாருங்கள். நான்கு துளை உள்ள போட்டில் புரொசசர் பக்கமிருந்து எண்ணி 2ஆவதும் 4ஆவதும்தான் சரி. பக்கத்துப் பக்கத்தில் 1, 2 என்று குத்தினால் இரண்டும் ஒரே வழியில் நெரிபடும். பிறகு சிபியு-இசட் என்ற விவரம் காட்டும் மென்பொருளில் 1600 என்று கண்டு திரும்பவும் கடைக்கு ஓட வேண்டாம்: ஒரு துடிப்புக்கு இரண்டு தரம் தரவு போவதால் 1600தான் 3200.

புதிதாகத் தொடங்குபவருக்கு இதுதான் முதல் ஓவர்குளொக். பலருக்கு இதுவே போதும்.

சம்மாந்துறை வாசகர்: என்னிடமும் ரைசன் 5 3600தான், பெட்டியோடு வந்த கூலர். எல்லாக் கோரையும் 4.2 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தலாம் என்கிறார்கள். 1.45 வோல்ட் கொடுக்கலாமா? ஓட்டோவில் இருக்கும்போதே அவ்வளவு காட்டுகிறதே?

வேண்டாம். ஓட்டோவில் 1.45 தெரிவது ஓரிரு கோர் மட்டும் சின்ன வேலைக்குத் துள்ளி எழும்பும் கணத்தில். ஆறு கோரும் முழுச் சுமையில் இருக்கும்போது புரொசசர் அதைத் தானே கீழே இறக்கிவிடும். நீங்கள் கையால் 1.45 என்று பூட்டினால் முழுச் சுமையிலும் அதுவே நிற்கும். அதில்தான் புரொசசர் நாள்பட நாள்பட நலிந்துபோகும்.

வெப்பம் வோல்ட்டின் வர்க்கத்துக்கு (வோல்ட் × வோல்ட்) ஏற்ப ஏறும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 4.0 கிகாஹெர்ட்ஸ் 1.2 வோல்ட்டில் ஓடுவது, 4.3க்கு 1.35 கேட்டால், வேகம் கூடுவது 7.5 வீதம், மின்சாரமும் சூடும் கூடுவது ஏறக்குறைய 36 வீதம்.

செய்தே பார்ப்பதென்றால் முதலில் ஒன்றையும் மாற்றாமல் சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, புள்ளியையும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருள் காட்டும் உச்ச வெப்பத்தையும் எழுதி வையுங்கள். அப்போதே 85 பாகையைத் தாண்டினால் அந்தக் கூலரோடு மேலே போக இடமில்லை. கூலரை மாற்றிவிட்டு வாருங்கள்.

இடம் இருந்தால் பயோசில் சிபியு ரேஷியோவை 40 (அதாவது 4.0 கிகாஹெர்ட்ஸ்), வோல்ட்டை 1.25 என்று கையால் போடுங்கள். லோட்லைன் (சுமையில் வோல்ட் இறங்காமல் தாங்குவது) என்ற அமைப்பு இருந்தால் நடு நிலை. உச்சத்தில் வைத்தால் சுமை விடுபடும் கணத்தில் வோல்ட் துள்ளும். பத்து நிமிடம் தாங்கினால் 40.5, பிறகு 41. ஒரு தரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேஷியோவையும் ரேமையும் ஒரே நாளில் தொட்டால் எது விழுத்தியது என்று தெரியாமல் அலைவீர்கள். நீலத்திரையில் 'வீயா' (WHEA) என்று வந்தால் பெரும்பாலும் கோர் வோல்ட் போதவில்லை, 0.0125 கூட்டுங்கள். சுமை ஏறியதும் பெட்டி முழுக்க ஒப் ஆகினால் சந்தேகம் பவர் சப்ளைமேலும் வெப்பத்தின்மேலும் போக வேண்டும். பெட்டிக் கூலரோடு 1.3க்கு மேல் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதற்குள் கிடைப்பது 4.1ஓ 4.2ஓ, அது உங்கள் சிப்பின் அதிர்ஷ்டம்.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு சங்கடம் உண்டு. 3600 ஒற்றைக் கோரில் தானாகவே 4.2 வரை போகிற புரொசசர். 4.1இல் பூட்டினால் வீடியோ ரெண்டர் கொஞ்சம் முந்தும். ஒரு கோரை நம்பியிருக்கும் கேம் பின்வாங்கும். கேமுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் புரொசசரை ஓட்டோவில் விட்டு, ரேமைத் தூக்குங்கள். இந்தத் தலைமுறை ரைசனுக்கு 3600 ரேமும் 1800 எஃப்குளொக்கும் (புரொசசரின் உட்பாதை வேகம்) ஒன்றுக்கொன்று பொருந்தி ஓடும். சிஎல் என்பது ரேம் பதில் தரக் காத்திருக்கும் துடிப்பு எண்ணிக்கை, டைமிங்கில் முதல் எண்; சிஎல்16 குச்சிகள் 3200இல் 10 நனோசெக்கன் எடுக்கும். அதே சிஎல்16ஐ 3600இல் பிடிக்க முடிந்தால் 8.9தான். 3600 சிஎல்18 என்று வாங்கினால் காத்திருக்கும் நேரம் பழைய 10ஏதான்.

கூலரைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பேஸ்ட் காய்ந்த சந்தனம்போல் இறுகியிருக்கும். நேராக இழுத்தால் புரொசசரும் கூடவே ஊசிகளோடு பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நிமிடம் சுமை கொடுத்துச் சூடாக்கி, ஒப் செய்து வயரையும் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்குங்கள். புதுப் பேஸ்ட் ஒரு கடலையளவு போதும்.

அக்கரைப்பற்று ஸ்டூடியோ ஒன்றிலிருந்து: கலியாண வீடியோ எடிட்டிங். ஐ5 12400, எச்610 போட். ஓவர்குளொக் செய்தால் ரெண்டர் சுருங்குமா?

உங்கள் புரொசசரில் கே எழுத்து இல்லை, போட்டும் இசட் வகை இல்லை. ரேஷியோவைத் தூக்க வழியில்லை. ஆனால் பயோசில் பவர் லிமிட் என்ற பகுதியைத் தேடுங்கள். 12400இன் அடிப்படை அளவு 65 வாட், உச்சம் 117 வாட். பல போட்டுகள் சில பத்துச் செக்கன் மட்டும் உச்சத்தில் விட்டுப் பிறகு 65க்கு இறக்கிவிடும். அரை மணித்தியால ரெண்டரில் அந்த இறக்கம் வலிக்கும். பெட்டிக் கூலரை நல்ல கோபுரக் கூலராக மாற்றி, முதல் எல்லையை (அந்த 65 வாட்டை) 90 வாட் வரை உயர்த்திப் பாருங்கள். மலிவான எச்610 போட்டில் புரொசசரைச் சுற்றியுள்ள மின் பாகங்களுக்குச் சூடாற்றித் தகடு இருக்காது. எனவே ஒரே பாய்ச்சலில் 117க்குப் போக வேண்டாம்.

ரேமில் 3200ஐத் தாண்ட ஆசைப்படாதீர்கள், இந்தப் போட் விடவும் மாட்டாது. மற்றவர் வீட்டுக் கலியாணம் உங்கள் டிஸ்க்கில் கிடக்கிறது. நிலையில்லாத ரேம் நீலத்திரை காட்டாமலே கோப்பைக் கெடுக்கும். வாட்டைக் கூட்டும்போது யுபிஎஸ்ஸையும் பாருங்கள்: அதில் 650 விஏ என்றிருந்தால் அது 650 வாட் அல்ல, பெரும்பாலும் 360 வாட் அளவு.

வாழைச்சேனை வாசகர்: பாவித்த அலுவலகக் கணினி, நான்காம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ஒற்றை ரேம். வேகம் கூட்டலாமா?

ஓவர்குளொக் கிடையாது. அதே வகை டிடிஆர்3 1600 குச்சி இன்னொன்று சேருங்கள்: தரவுப் பாதை செக்கனுக்கு 12.8 ஜிபியிலிருந்து 25.6 ஆகும். தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத பெட்டிக்கு அது பெரிய உதவி. ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்குங்கள். இவை இரண்டும் தரும் வேகத்தை எந்த பயோசும் தராது.

பொத்துவில் வாசகர்: இரவில் எல்லாச் சோதனையும் பாஸ். பகல் இரண்டு மணிக்குக் கேம் உறைகிறது.

சோதனை செய்த நேரம்தான் பிழை. கூலர் அறை வெப்பத்துக்குக் கீழே எதையும் இறக்காது. இரவு 26 பாகையில் 82 காட்டிய புரொசசர், கச்சான் வீசும் பகல் 34இல் 90 காட்டும். சூடு ஏற ஏற, இரவில் போதுமாக இருந்த வோல்ட் போதாமல் போகும். டைமிங்கை இறுக்கிய ரேமும் 50 பாகைக்கு மேல் பிழை விடலாம். பிற்பகலில், அறை ஃபேன் வழக்கமாக எப்படி ஓடுமோ அப்படியே விட்டு, ஓசிசிடி என்ற சுமைச் சோதனையை ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள். விழுந்தால் ரேஷியோவை அரைப் புள்ளி இறக்குங்கள். வோல்ட்டைக் கூட்டாதீர்கள், அது சூட்டைத்தான் கூட்டும். ரேமுக்கு மெம்டெஸ்ட்86, நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான்.

கடற்கரை வீடென்றால் உப்புக் காற்று வேறு. குச்சியைக் கழற்றி, பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுத் திரும்பக் குத்துங்கள். சில நேரம் அதோடு சரி.

களுவாஞ்சிக்குடி வாசகர்: ரேமை 3800 ஆக்கினேன். இப்போது ஃபேன் சுற்றுது, திரையில் ஒன்றும் இல்லை. போட் எரிந்துவிட்டதா?

எரிந்திருக்காது, போட் அந்த வேகத்தில் சிக்கி நிற்கிறது. ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பல போட்டுகள் சில தடவை முயன்று பழைய நிலைக்குத் தாமாகவே திரும்பும். திரும்பாவிட்டால் சுவர் வயரைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்துச் செக்கன் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பெரும்பாலும் வட்ட பற்றரிக்குப் பக்கத்தில் இரண்டு ஊசி இருக்கும், பல போட்டுகளில் அருகே சிஎல்ஆர் என்று தொடங்கும் எழுத்து. ஸ்குரூடிரைவர் நுனியால் இரண்டையும் ஒருங்கே தொட்டுப் பத்துச் செக்கன் வைத்திருங்கள். ஊசி தென்படாவிட்டால் பற்றரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். அதன் பிறகு திகதியும் நேரமும் பிழையாகக் காட்டும், பயோசில் நீங்கள் மாற்றியதெல்லாம் அழிந்திருக்கும். எக்ஸ்எம்பியைத் திரும்பப் போட்டு, இந்த முறை 3600இல் நில்லுங்கள்.