தொப்பூரைச் சுற்றிப் போகும் வழி

அன்புள்ள அண்ணா,

தர்மபுரியிலிருந்து எழுதுகிறேன். ஒரு விதைக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பக்கம் தக்காளி போடுகிறவர்களிடம்தான் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன் என் தம்பி சேலம் ரோட்டில் தொப்பூர் கணவாயில் லாரி மோதி இறந்துவிட்டான். போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவனை ரோட்டோரம் படுக்க வைத்திருந்தார்கள். அதற்கு மேல் அதை எழுத முடியவில்லை.

மனைவிக்குச் சொந்த ஊர் சேலம். இப்போதெல்லாம் அங்கே போவதென்றால் அரூர் போய், மஞ்சவாடி கணவாய் வழியாகச் சுற்றித்தான் போகிறேன். லாரி ஹாரன் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மெடிக்கலில் தெரிந்தவர் ஒரு தூக்க மாத்திரை கொடுக்கிறார், அதைப் போட்டால் கொஞ்சம் தூங்குகிறேன். வீட்டில் எதற்கெடுத்தாலும் சண்டை.

யாரிடமாவது பேச வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கம்பெனியில் போனிலேயே ஆறு முறை இலவசமாக கவுன்சிலிங் உண்டு என்கிறார்கள். பெங்களூர் நண்பன் ஆப்பில் வீடியோ காலில் பேசு, ஒரு தடவைக்கு 1,500 ரூபாய் என்கிறான். மனைவி இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்கிறாள். மச்சான் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறார். அம்மா அதியமான்கோட்டை காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமி தவறாமல் பூசணி விளக்கு போடச் சொல்கிறார், போட்டுக்கொண்டும் இருக்கிறேன். நெட்டில் தேடினால் சிபிடி, இஎம்டிஆர் என்று ஏகப்பட்ட பெயர்கள். எது சிறந்தது? எங்கள் வீட்டில் தெலுங்கு, எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். பெயர் வேண்டாம்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் நான் நின்ற இடம் மஞ்சவாடிதான். தேசிய நெடுஞ்சாலையில் நேராகப் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சேலம் போய்விடலாம், அதை விட்டுவிட்டு அரூர் வழியாகச் சுற்றுகிற ஒருவர் பெட்ரோலுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. அந்தச் சுற்றுவழிதான் உங்களை இந்த ஒன்றரை வருடம் தாங்கியும் இருக்கிறது, விடாமல் பிடித்தும் வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை சுற்றிப் போகும்போதும் மனசு "தொப்பூர் வழியாகப் போகாததால்தான் பிழைத்தோம்" என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. அந்தக் கணக்கு தப்பு என்று அதற்குத் தெரிய வாய்ப்பே கிடைப்பதில்லை.

எது சிறந்தது என்று கேட்டீர்கள். சந்தையில் நாற்று வாங்க வருகிறவர் "எது நல்ல ரகம்" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? மண்ணைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேட்பீர்கள், போன தடவை என்ன நோய் விழுந்தது என்று கேட்பீர்கள், அப்புறம்தான் ரகம். இங்கேயும் அதேதான். முதலில் உங்களுக்கு என்ன என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். துக்கமா, விபத்தின் அதிர்ச்சி உள்ளே தங்கிவிட்டதா, மனச்சோர்வா, மூன்றும் கலந்ததா என்பதை நானும் சொல்ல முடியாது, உங்கள் பெங்களூர் நண்பனும் சொல்ல முடியாது. நெஞ்சு அடித்துக்கொள்வதற்கும் தூக்கம் கெடுவதற்கும் தைராய்டுகூடக் காரணமாக இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இதற்கு நிம்ஹான்ஸ் வரை போக வேண்டியதில்லை. மச்சான் சொல்வது தப்பில்லை, ஓசூர் ரோட்டில் இருப்பதால் நம் பக்கத்து ஜனங்கள் எதற்கெடுத்தாலும் அங்கேதான் ஓடுகிறோம். ஆனால் வாராவாரம் போய்வர வேண்டிய சிகிச்சைக்கு ஒரு நாள் சம்பளத்தையும் ஐந்து மணி நேர பஸ்ஸையும் கொடுக்க முடியாது, மூன்றாவது வாரம் நின்றுவிடும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு போட்டால் போதும். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்றும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். வரிசையில் தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று தயங்குவீர்கள். பார்ப்பார்கள்தான். அவர்களும் அதே வரிசையில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

போகும்போது அந்தத் தூக்க மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அல்பிராசோலம் மாதிரியான மாத்திரைகள் எச்1 அட்டவணையில் வருபவை, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது, தெரிந்தவர் என்பதால் கொடுக்கிறார். அது உங்கள் தம்பி விஷயத்தை ஆற்றாது, பழக்கமாகிவிடும். அதற்காக என் பதிலைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் படபடப்பு இன்னும் கூடும், டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சரி, இனி பெயர்களுக்கு வருவோம். சால் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1936-லேயே சொன்ன ஒரு விஷயம் உண்டு: வெவ்வேறு பெயர் வைத்த சிகிச்சை முறைகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் பலன் தருகின்றன, அதற்குக் காரணம் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிற சில அம்சங்கள் என்று. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. பொதுவான மனச்சோர்வுக்கு இது பெரும்பாலும் சரிதான். கோவாவில் உளவியல் படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு முறை பேச வைத்து, கடுமையான மனச்சோர்வுக்காரர்களிடம் நல்ல முன்னேற்றம் கண்ட ஆய்வு 2017-ல் வெளியாகியிருக்கிறது. அந்த ஆட்கள் சும்மா ஆறுதல் சொல்லவில்லை, கைவிட்டுப் போன அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் விபத்து, வன்முறை மாதிரி ஒன்று மனதில் அறைந்து நின்றுவிட்டால் அங்கே முறை முக்கியம், என்னைக் கேட்டால் ரொம்பவே முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் கொடுத்த வழிகாட்டலில் பெரியவர்களுக்கு இரண்டைக் குறிப்பாகச் சொல்கிறது. நீங்கள் நெட்டில் பார்த்த அதே இரண்டு. ஒன்று, அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பார்க்கிற பேச்சு சிகிச்சை. நடந்ததைப் பாதுகாப்பான ஒரு அறையில் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள், "நான் சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பான்" போன்ற எண்ணங்களை எடுத்து வெளியே வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், தவிர்க்கிற இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வைப்பார்கள். பொதுவாக 8 முதல் 12 செஷன் ஆகும். இன்னொன்று இஎம்டிஆர். அந்த நினைவை மனதில் வைத்துக்கொண்டே சிகிச்சையாளரின் விரல் போகிற பக்கமெல்லாம் கண்ணை ஓட்டுவது. பிரான்சைன் ஷாபிரோ என்ற பெண்மணி 1987-ல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது தோன்றியது என்பார்கள். கண்ணை ஓட்டுவதால்தான் குணமாகிறதா, நினைவைத் திரும்பத் தொடுவதாலா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். பலன் இருக்கிறது என்பதில் அவ்வளவு சண்டை இல்லை. நம் பக்கத்தில் முறையாகப் பயிற்சி பெற்றவர் எதில் கிடைக்கிறாரோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி பெற்றவர் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் கவுன்சிலர் என்று போர்டு மாட்டிக்கொள்கிற நிலைமைதான் இத்தனை காலமும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டால் சொல்வார், கோபித்துக்கொள்கிறவரிடம் போக வேண்டாம். மருந்து எழுதுகிறவர் மனநல மருத்துவர், அவர் வேறு. கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் மாதிரி ஆளோடு என்ன செய்வீங்க, எத்தனை வாரம் ஆகும்?" இதற்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

எனக்குத் தெரியும், நான் எழுந்து வராமல் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா இறந்த வருஷம் எனக்கும் தூக்கம் போயிற்று. ஓசூரில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் ஒருவர், முக்கால் மணி நேரத்தில் நாற்பது நிமிடம் அவரே பேசினார். யோகா, நேர்மறை எண்ணம், அவருடைய மகனின் மார்க். கீழே டயரில் காற்று நிரப்புகிற சத்தம் விட்டு விட்டு வரும், நான் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை போனேன். மூன்றாவது முறை போகவில்லை. அதன்பின் ஒரு வருஷம் "எனக்கு கவுன்சிலிங் வேலை செய்யாது" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். வேலை செய்யாதது கவுன்சிலிங் இல்லை.

அப்புறம் போன இடத்தில் ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும், நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்து அந்த ராத்திரியை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நமக்குத்தான் எழுத வருமே, ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க சார். இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றார். நோட்டை வாங்கி மூடி வைத்துவிட்டு, நடந்ததை வாயால் சொல்லச் சொன்னார். தமிழில் ஆரம்பித்தேன், ஆஸ்பத்திரி வராண்டா வரைக்கும் தமிழில் வந்தது, அதற்குமேல் வீட்டுப் பேச்சான கன்னடத்தில்தான் வந்தது. தமிழில் நான் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, பின்னே எப்படி வரும். அவருக்குக் கன்னடம் பாதிதான் புரியும். பரவாயில்லை, சொல்லுங்க என்று உட்கார்ந்திருந்தார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் கடைசியில் போட்டீர்களே, வீட்டில் தெலுங்கு என்று, உங்கள் பட்டியல் முழுவதையும் விட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. தம்பியிடம் தெலுங்கில்தானே பேசியிருப்பீர்கள், சண்டை போட்டதும் அதில்தானே? நல்ல மதிப்பீடு வாங்கிய ஆப்பாகவே இருக்கட்டும், சுமாரான இங்கிலீஷில் அவனைப் பற்றிச் சொன்னால் அது உங்கள் கம்பெனி ரிப்போர்ட் மாதிரிதான் இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் தெலுங்கு புரிகிற ஆள் கிடைப்பது அப்படியொன்றும் குதிரைக்கொம்பில்லை. வாய் விட்டுக் கேளுங்கள்.

வீடியோ காலை நான் மட்டமாகச் சொல்லவில்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நேரில் பேசுவதற்குக் கிட்டத்தட்டச் சமமாகவே பலன் தருகிறது. நாள் முழுக்க ரோட்டில் இருக்கிற உங்களுக்கு வசதியும்கூட, புளியமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசலாம். ஆனால் விபத்தைத் திரும்பச் சொல்லிவிட்டு, போனை அணைத்துவிட்டு, அடுத்த நிமிடம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மாரண்டஅள்ளிக்குக் கிளம்புவீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பயம். அந்த மாதிரி செஷன்கள் மட்டுமாவது நேரில் இருக்கட்டும், அன்றைக்கு பஸ்ஸில் போய்விட்டு பஸ்ஸிலேயே வாருங்கள்.

கம்பெனியின் ஆறு இலவச போன் பேச்சை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆரம்பிக்கப் பயன்படும். பேசியது மேனேஜருக்குப் போகாது என்பதை மட்டும் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி மூன்று மணிக்குத்தான் தாங்க முடியவில்லை என்றால் 14416 இருக்கிறது, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். இருந்து என்ன ஆகப் போகிறது என்கிற மாதிரி எண்ணம் எட்டிப் பார்த்தால் காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள், அந்த எண்ணுக்குப் போடுங்கள், மனைவியையும் எழுப்புங்கள்.

மனைவி சொல்வதை எந்த இடத்தில் வைப்பது என்று யோசித்தேன். அவர் கேட்பது சண்டைக்கு வைத்தியம். அந்தச் சண்டை பாதி தூக்கமின்மை, பாதி மஞ்சவாடி என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு அவருடைய பிறந்த வீட்டுக்குப் போகிற வழியையே நீங்கள் வெறுப்பதாகப் பட்டிருக்கலாம். அதனால் தம்பதி ஆலோசனையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, உங்கள் சிகிச்சையில் ஒரு நாள் அவரை உள்ளே கூப்பிட்டு, இந்த ஆள் ஏன் சுற்றிப் போகிறான் என்பதை அந்த நிபுணர் வாயால் கேட்க வையுங்கள். குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது நமக்குப் புதிதும் இல்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் என்பவர் நோயாளிகளின் குடும்பத்தையே வளாகத்துக்குள் கூடாரம் போட்டுத் தங்க வைத்திருக்கிறார்.

அம்மாவின் பூசணி விளக்கை நிறுத்த வேண்டாம். நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை, ஆனால் மேப்பைப் பாருங்கள். அதியமான்கோட்டை எங்கே இருக்கிறது? தர்மபுரியிலிருந்து சேலம் ரோட்டில், தொப்பூர் போகிற அதே திசையில். மாதாமாதம் அது வரைக்கும் போய்விட்டுத்தான் வருகிறீர்கள், லாரிகள் போய்க்கொண்டே இருக்கிற அந்த ரோட்டில். சிகிச்சையில் உட்கார்ந்தால் ஒரு தாளில் ஏணி மாதிரி வரையச் சொல்வார்கள், பயம் குறைவான இடம் கீழே, அதிகமான இடம் மேலே. கீழ்ப்படியில் அதியமான்கோட்டை என்று எழுதிக்கொள்ளலாம். அடுத்தது நல்லம்பள்ளியாக இருக்கலாம், அதற்கடுத்தது என்ன என்பதைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். என் பேச்சைக் கேட்டுத் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு கணவாய்க்குக் கிளம்பிவிட வேண்டாம்.

வெளியிடும் முன் ஊர்ப் பெயர்களையும் எடுத்துவிட முடியுமா என்று தனியாக ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். முயன்று பார்த்தேன். தொப்பூரையும் மஞ்சவாடியையும் எடுத்துவிட்டால் கடிதத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. நேற்று போனில் "சரி, இருக்கட்டும் அண்ணா" என்று சொன்ன பிறகுதான் அப்படியே விட்டேன். தம்பியின் பெயரை மட்டும் எடுத்திருக்கிறேன்.