உளச்சித்திரமும் குறி சொல்லுதலும்

மதிப்பிற்குரிய ஐயா,

குற்றம் நடந்த இடத்தைப் பார்த்தே கொலையாளியின் வயது, தொழில், குடும்ப நிலை வரை சொல்லிவிடும் அமெரிக்க உளவியலாளர்களைப் பற்றிய தொடர் ஒன்றைப் பேரனுடன் பார்த்தேன். நம் காவல்துறைக்கு இது ஏன் கைவரவில்லை? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவன் இதையே படிக்கப்போவதாகச் சொல்கிறான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

குற்றம் நடந்த விதத்திலிருந்து குற்றவாளி எப்படிப்பட்டவர் என்று ஊகித்து எழுதுவதுதான் உளச்சித்திரம். இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 1972இல் தொடங்கிய நடத்தை அறிவியல் பிரிவு. அதன் அதிகாரிகள் சிறைகளுக்குச் சென்று 36 கொலையாளிகளிடம் பேசி, திட்டமிட்டுக் கொல்பவர், தாறுமாறாகக் கொல்பவர் என இரு வகை பிரித்தார்கள். 2004இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கேன்டரின் குழுவினர் 100 தொடர்கொலையாளிகளின் கொலைகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தபோது அந்தப் பிரிவினை நிற்கவில்லை. திட்டமிடலின் அடையாளங்கள் பெரும்பாலான கொலைகளில் பொதுவாகவே காணப்பட்டன.

அப்படியானால் அது ஏன் பலித்ததுபோல் தோன்றுகிறது? இங்கிலாந்தில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே உளச்சித்திரத்தைப் படிக்கக் கொடுத்து, ஒரு குழுவினரிடம் உண்மையான குற்றவாளியின் விவரங்களையும், மற்றொரு குழுவினரிடம் அவருக்கு முற்றிலும் மாறான கற்பனை ஆளின் விவரங்களையும் காட்டினார்கள். இரு குழுவிலும் பெரும்பாலோர் சித்திரம் பொருந்துகிறது என்றே சொன்னார்கள். குறி சொல்பவரிடம் போய்வந்தவர்கள், அவர் சொன்னதில் பலித்ததை மட்டும் நினைவில் வைத்திருப்பதைப் போன்றதுதான் இதுவும்.

குறி தவறினால் காசோடு போகும், இது அப்படியல்ல. 1992இல் லண்டன் விம்பிள்டன் திடலில் ரேச்சல் நிக்கல் என்ற இளம்பெண் கொல்லப்பட்டபோது, உளச்சித்திரத்துக்கு ஒத்துவந்த ஒருவரிடம் பெண் காவலர் ஒருவரைக் காதலிப்பதுபோல் பழகவிட்டு வாக்குமூலம் வாங்க முயன்றார்கள். 1994இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்ததால் அவர் விடுதலையானார். உண்மைக் குற்றவாளியான ராபர்ட் நேப்பரோ 1993இலேயே ஒரு தாயையும் அவருடைய சிறு மகளையும் கொன்றிருந்தான். நிக்கல் வழக்கில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2008இல்தான்.

நம் காவல்துறைக்குக் கைவரவில்லை என்கிறீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் கொலைக்கான காரணங்களாக முன்னிற்பவை தகராறும் முன்பகையும். கொன்றவர் அக்கம்பக்கத்திலேயே இருக்கும்போது உளச்சித்திரத்துக்கு வேலை குறைவு. மேலும், ஆளைப் பார்க்காமலேயே குற்றவாளி என்று எழுதிவைக்கும் வழக்கம் நமக்குப் புதிதுமல்ல. 1871இல் பிறந்து 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சனங்களின் பேச்சில் ரேகைச் சட்டம், பிறந்த சாதியையே உளச்சித்திரமாக்கியது. அந்தச் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்களான இன்றைய சீர்மரபினர் பட்டியலில் சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று நம் ஊரின் பெயரோடு இரண்டு சமூகங்கள் நிற்பது அதன் எச்சம். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மத்திய சிறையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வரும்.

ஆனாலும் பேரனைத் தடுக்காதீர்கள். முதலில் உளவியலில் இளநிலைப் பட்டம் படிக்கட்டும். அதன்பின் காந்திநகரிலுள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடய உளவியலுக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் புள்ளியியலைக் கசப்பின்றிக் கற்கச் சொல்லுங்கள். கேன்டர் அந்த இரு வகைகளைச் சோதித்தது அதைக் கொண்டுதான்.