மிஞ்சும் ஸ்ட்ராபெரியை ஃப்ரீஸ் டிரை செய்யலாமா?

கேள்வி: அறுவடை உச்சத்தில் ஸ்ட்ராபெரி நிறைய மிஞ்சுகிறது. டீப் ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு சூடான காற்று டிரையரில் காயவைத்தால் ஃப்ரீஸ் டிரை ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. டிரையருக்குள் போனதுமே ஐஸ் உருகி, பழம் குழைந்து சாறு ஒழுகிவிடும். ஃப்ரீஸ் டிரை முறையில் ஐஸ் உருகவே கூடாது. பழத்தை மைனஸ் 30, 40 டிகிரி செல்சியஸுக்கு உறையவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் வைப்பார்கள். அழுத்தம் 6 மில்லிபாருக்குக் கீழே இறங்கிவிட்டால் தண்ணீர் திரவமாக நிற்க முடியாது. அந்த நிலையில் அளவாகச் சூடு கொடுத்தால் ஐஸ் நேரே ஆவியாகிறது. பழம் சுருங்காது, நிறமும் மணமும் பெருமளவு தங்கும். ஐஸ் இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்பதால் தண்ணீர் பட்டதும் சட்டென உறிஞ்சிக்கொள்ளும்.

இன்ஸ்டன்ட் காபியில் ஒரு வகை, மலையேறுபவர்களின் உணவுப் பொட்டலம், விண்வெளி வீரர்களின் சாப்பாடு எல்லாம் இப்படி வருபவைதான். கோழி வளர்ப்பவராக இருந்தால் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துக் குப்பியின் அடியில் சின்ன வில்லை போல ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே முறைதான், உள்ளே வைரஸ் உயிரோடு இருக்கிறது. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: ஃப்ரீஸ் டிரை கிருமியைக் கொல்லாது. வயலில் ஒட்டியது பழத்தோடேயே காய்ந்து கிடந்து, ஈரம் பட்டதும் எழும். அதனால் அழுகல் தொட்ட பழத்தை ஒதுக்கிவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே வெட்டுங்கள்.

சரி, கட்டுப்படியாகுமா? ஸ்ட்ராபெரியில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். 10 கிலோ போட்டால் 1 கிலோ அளவுக்குத்தான் கிடைக்கும். ஒரு ஈடு முடிய ஒரு நாளுக்கு மேல் ஆகும், மின்சாரமும் நிறைய இழுக்கும். மிஞ்சியதை எல்லாம் கொட்டித் தீர்க்கும் வழியாக இதை நினைக்காதீர்கள் என்பதே என் கருத்து. நசுங்கிய பழம் ஜாமுக்குப் போகட்டும். திடமான, நன்கு பழுத்த பழத்தை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள், அதுவும் வாங்குபவர் உறுதியான பிறகு. இயந்திரம் வாங்குவதற்கு முன், கூலிக்கு உலர்த்தித் தருபவரிடம் ஒரு ஈடு போட்டுப் பாருங்கள்.

முழுப் பழமாகப் போட்டால் தோல் ஆவியைத் தடுக்கும், நடுவில் ஈரம் நிற்கும். மெல்லிய வில்லைகளாக வெட்டிப் போடுங்கள். எடுத்ததும் காற்று ஈரத்தை இழுத்து நமத்துப்போகும் என்பதால், அலுமினியப் படலம் வைத்த பையில், ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலத்தோடு உடனே சீல் செய்துவிட வேண்டும்.